அடிக்காத புருஷன்

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அமுதவல்லி, பதினோரு வருடங்களுக்கு முன் தலைச்சோலையில் இருந்த புருஷன் வீட்டை விட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து ஊர் அவளைக் கேட்டது இரண்டே கேள்விதான். குடிப்பானா? அடிப்பானா? இரண்டுக்கும் இல்லை என்றாள். அப்படியானால் கோளாறு உன்னிடம்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மறுத்துச் சொல்ல அவளுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

அது ஒரு நாவலில் கிடைத்தது. ஏற்காடு நூலகத்தில் எடுத்தது. அத்தாயி என்ற எஸ்டேட் பெண்ணின் கதை. அத்தாயியின் புருஷன் மாரிசாமி நல்லவன். சந்தைக்குப் போனால் பூ வாங்காமல் திரும்ப மாட்டான். ஆனால் அவள் எதைப் பேச ஆரம்பித்தாலும் சிரித்துக்கொண்டே தானே முடித்துவைப்பான். ஒருநாள் காலையில் உலை கொதிக்கும்போது, ஆறு வருடமாக இந்த வீட்டில் ஒரு பேச்சைக்கூட முழுதாகப் பேசியதில்லை என்பது அவளுக்கு உறைக்கிறது. உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அந்த ஒரு காலைக்குப் பதினான்கு பக்கம். அமுதவல்லி அதை நாலு தடவை படித்தாள்.

போன கார்த்திகையில் அந்த நாவலைப் படமெடுக்க ஆட்கள் கொட்டச்சேட்டுக்கே வந்தார்கள். அத்தாயி வீட்டை விட்டுப் போகும்போது வாசலில் நின்று அழ, ஊர்ப் பெண்களில் பத்துப் பேரைச் சேர்த்தார்கள். அமுதவல்லியும் ஒருத்தி. ஒத்திகையில் மாரிசாமி குடித்துவிட்டு வந்து அத்தாயியின் மயிரைப் பிடித்து இழுத்தான். நாவலில் இல்லாத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

அமுதவல்லி நேராக இயக்குநர் கமலக்கண்ணனிடம் போனாள்.

“ஏனுங்க சார், புஸ்தகத்துல மாரிசாமி அடிக்கவே மாட்டானுங்களே.”

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். புத்தகத்தில் அவள் மனசுக்குள் ஓடுவதைப் படிக்கலாம், கேமராவுக்கு மனசு தெரியாது. அடி விழுந்தால்தான் அவள் ஏன் போகிறாள் என்று பார்க்கிறவனுக்குப் புரியும்.

“அப்ப அடி வாங்குனாத்தான் போலாம்னு ஆயிருமுங்க. அந்தம்மா பேச வாயெடுக்கறப்பெல்லாம் அவன் சிரிக்கட்டுமுங்க. நாலு தடவ சிரிச்சாப் போதும், எங்களுக்குப் புரியுமுங்க.”

அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வெளிச்சம் போகிறது, போய் நில்லுங்கம்மா என்றார்.

படம் பிடிக்கும்போது ஒன்பது பேர் அழுதார்கள். கண்ணீர் வர மருந்து விடுகிறேன் என்று உதவியாள் கார்த்திக் வந்தான். அமுதவல்லி அவன் கையை விலக்கினாள்.

“அவ தப்பிச்சுப் போறா. நா எதுக்குங்க அழுவோணும்?”

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அவள் அழவில்லை. பனி இறங்கிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆனி மாதம் படம் சேலத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சுகுணாவோடு போய்ப் பார்த்தாள். அழும் முகங்களுக்கு நடுவே கண் இமைக்கும் நேரம் ஒரு முகம் மட்டும் காய்ந்து, நிமிர்ந்து நின்றது. கொட்டகையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சுகுணா, நெசமாலுமே புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடியும்வரை அமுதவல்லி அந்தப் பதினான்கு பக்கத்தையும் சொன்னாள். தானும் அப்படித்தான் வந்ததாகச் சொன்னாள்.

சுகுணாவுக்கு நம்ப முடியவில்லை. “சிரிச்சதுக்கா அக்கா வந்தீங்க?”

“ஆமா கண்ணு,” என்றாள் அமுதவல்லி, முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. “சிரிச்சதுக்குத்தான் வந்தேன்.”