கவசக்காரர் வீட்டுச் சலவை

பூப்பண்ணையில் அவரைக் கவசம் என்றுதான் கூப்பிடுவார்கள். பசுமைக்குடில்களில் பூச்சிமருந்து அடிக்கும் குழுவுக்கு அவர் தலைவர். மற்றவர்கள் முகமூடியை மாட்டி, உள்ளே போய், ஒரு வரிசையை அடித்து முடித்திருப்பார்கள். அவர் அப்போதும் வாசலில் நின்று ஒரு கையுறைக்கு மேல் போட்ட இரண்டாவது கையுறையின் மணிக்கட்டில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பட்டப்பெயர் கேலி என்பது அவருக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகும் பொறாமை என்று வைத்துக்கொண்டார்.

உண்மையில் அவருக்கு இருந்தது பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து வரிசையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரை தள்ளி விழுந்ததைப் பார்த்திருக்கிறார். அன்று முதல் அந்தப் பயத்தை நாள்தோறும் துடைத்து, மெருகேற்றி, ஒழுக்கம் என்று பெயர் சூட்டி வளர்த்து வந்தார். இப்போது இந்தக் கதையை அவரே சொல்கையில், "பயந்தாங்கொள்ளிக்குத் தலைவர் பதவி குடுத்தா இப்படித்தான்" என்று ஆரம்பிப்பார்.

பண்ணையில் எல்லோருடைய மேலங்கிகளையும் சேர்த்துத் துவைக்க ஓர் இயந்திரம் இருந்தது. கவசம் தன்னுடையதை அதில் போடவிட்டதில்லை. கவனமில்லாதவர்களின் அங்கியிலிருந்து கழன்ற விஷம் தன் அங்கியில் ஏறிவிடாதா? அதனால் அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கையால் துவைத்தால்தான் அழுக்கு முழுதாகப் போகும், அதுவும் வெந்நீரில், அதுவும் இருமுறை. துவைப்பது மனைவியின் பொறுப்பு. சட்டம் போடுவது இவருடைய பொறுப்பு. வேலையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட குடும்பம் என்று அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அந்த அங்கியைத் துவைத்துவிட்டு வந்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், ஊசிக்காது கண்ணுக்குத் தட்டுப்படாது. தலை வலிக்கும், கண்ணில் நீர் வடியும். நூலை எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கிப் பார்ப்பாள். கவசம் ஒரு மருத்துவரின் நிதானத்தோடு அவளைக் கவனித்தார். வயதாகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று முடிவு சொன்னார். துவைக்கிற நாளில் மட்டும் எப்படி வயதாகிறது என்ற கேள்வி அவர் புத்தியின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் புத்தி அப்போது பெரிய விஷயம் ஒன்றில் மூழ்கியிருந்தது.

அந்தப் பெரிய விஷயம் ஒரு மாத்திரை. பண்ணைக்கு வந்து பாதுகாப்பு வகுப்பு எடுத்த டாக்டர் ஒருவர், அவர்கள் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டால் அதற்கு முறிவாக அட்ரோபின் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்திலிருந்து கவசம் மருந்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஏறிவிட்டால்' என்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சினனிடம் போய்க் கேட்டார்.

"மாமா, இது விஷம் ஏறினவங்களுக்கு டாக்டர் பார்த்துக் குடுக்கறது. சும்மா இருக்கறவங்க சாப்பிட்டா இதுவே ஒரு தொந்தரவு."

"தீப்பிடிச்சப்புறம் தண்ணிக்கு ஓடறதவிட, முன்னாடியே கூரைய நனைச்சு வெச்சுட்டா என்னப்பா கெட்டுப்போச்சு?"

மச்சினனிடம் பதில் இருந்தது. ஆனால் அக்காள் புருஷனிடம் அதைச் சொல்லும் துணிச்சல் இல்லை. கவசம் தன் தர்க்கம் வென்றதாக எண்ணி மாத்திரையோடு திரும்பினார்.

அன்றிலிருந்து மருந்து அடிக்கும் நாளெல்லாம் காலையில் மாத்திரை. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியது. வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார். மருந்து டப்பாவின் எழுத்துகள் மங்கின. சக்தி வாய்ந்தது என்று வியந்தார். கண்ணாடிக் கூரையின் கீழ் எல்லோரும் வியர்த்துக் கொட்ட, இவர் மட்டும் உலர்ந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அதைத் தேஜஸ் என்று நினைத்தார். துணிச்சலும் வந்துவிட்டது. தெளிப்பான் குழாய் கசிந்து முன்கை நனைந்தால் முன்பெல்லாம் ஓடிப்போய்க் கழுவுவார். இப்போது வரிசையை முடித்துவிட்டே வந்தார். நனைந்த அங்கி அப்படியே பைக்குள் போயிற்று. பை வீட்டுக்குப் போயிற்று.

ஒரு விடுமுறை நாள். மனைவி காலையில் அங்கியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்றைக்கே கண்ணாடியை வாங்கிவிடுவோம் என்று கவசம் அவளைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். மறுநாள் வேலைக்கு உடம்பைத் தயார் செய்துவிடலாமே என்று அன்றும் ஒரு மாத்திரை விழுங்கியிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். டார்ச் விளக்கை அடிக்கும் முன்பே கண்மணி சுருங்கிக் கிடப்பதைக் கண்டு நிறுத்திவிட்டு, திரையை இழுத்து அறையை இருட்டாக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவுக்கு மேல் விரியவில்லை. கவசம் குறுக்கிட்டு, வயது ஏற ஏறக் கண் எப்படித் தளரும் என்று விளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் திரும்பி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

வந்தார். அகல விரிந்திருந்த கண்மணியில் வெளிச்சம் பட்டுக் கூசி நீர் வந்தது.

"உங்க கண்ணு நடுராத்திரியில இருக்கு, அவங்க கண்ணு உச்சி வெயில்ல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலேருந்துதானே வர்றீங்க?"

கவசம் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் மனைவி எழுந்து, கடையின் குப்பைக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அந்த எச்சிலை அவர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார், பக்கத்து வரிசையில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தான் பூச்சிமருந்து அடிப்பவர் என்றும், ஆனால் மிகப் பாதுகாப்பாக அடிப்பவர் என்றும் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்வதை டாக்டர் காதில் வாங்கவில்லை. அவளிடம் இன்று என்ன வேலை செய்தாள் என்று கேட்டார். துணி துவைத்தேன் என்றாள். யார் துணி என்றதற்குக் கண்ணை மட்டும் கணவன் பக்கம் திருப்பினாள்.

"கைக்கு ரப்பர் உறை எதுவும் போட்டுக்கலையாம்மா?"

"ஒரு ஜோடி இருந்துச்சு டாக்டர். பாத்திரம் விளக்கறது. அதை இவர் உள்ளுக்குப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிடுவாரு."

இரண்டு கையுறை போடுபவர் என்று பண்ணையே பேசிய அந்த இரண்டில் ஒன்று யாருடையது என்று கவசம் அதுவரை யோசித்ததில்லை. மாத்திரை விஷயத்தையும் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

"நீங்க விஷத்தைத் தடுக்கல. உடம்பு போடற சத்தம் உங்களுக்குக் கேக்காதபடி பண்ணிக்கிட்டீங்க. அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

நர்ஸ் முதலில் செய்தது சோப்பும் தண்ணீருமாக அவளுடைய கையையும் தலையையும் கழுவி உடையை மாற்றியதுதான். பிறகு ஊசி. அட்ரோபின். தான் மிட்டாய் மாதிரி தின்றுகொண்டிருந்த அதே மருந்து வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில், நெஞ்சில் காதுகுழல் வைத்துக் கேட்டுக் கேட்டு ஏற்றப்படுவதைக் கதவோரம் நின்று பார்த்தார். ஒவ்வொரு முறை டாக்டர் காதுகுழலை எடுக்கும்போதும் அவர் முகத்தையே பார்த்தார். தர்க்கம் எதுவும் துணைக்கு வரவில்லை. அவள் பிழைத்தால் போதும் என்ற ஒன்றைத் தவிர அவரிடம் வேறு யோசனை இல்லை. அவருடைய வாழ்க்கையில் அத்தனை தெளிவாக யோசித்த நாளும் வேறில்லை.

மறுநாள் அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். உதடு வெடித்திருந்தது.

"வாயெல்லாம் காஞ்சு கெடக்கு. இதைத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

தம்ளரை அவள் வாயருகே பிடித்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார்.

அவருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். அந்த விஷம் முடக்கும் நொதியின் அளவு வழக்கமானதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அது மீளும்வரை மருந்துப் பக்கமே போகக்கூடாது என்று பண்ணைக்குச் சொல்லிவிட்டார்கள். குழுவிலேயே அத்தனை இறங்கியிருந்தது அவருக்கு மட்டுந்தான். ஒற்றைக் கையுறை போட்டு, கை நனைந்ததும் ஓடிப்போய்க் கழுவி, அங்கியைப் பொது இயந்திரத்தில் வீசிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். இப்போது பூக்கட்டும் கொட்டகையில் காம்பு நறுக்குகிறார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார். இந்தக் கதையைத்தான் சொல்கிறார். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அங்கி எங்கே துவைக்கப்பட வேண்டும் என்று சொல்வார்.

மனைவிக்குப் புதுக் கையுறை வாங்கி வந்தார். அவள் அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, "இது இங்கேயே இருக்கணும்" என்றாள்.

உடம்பு தேறியதும் கண்ணாடிக்கடைக்குத் திரும்பப் போனார்கள். அவள் கடைசி வரிப் பொடி எழுத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். கண்ணாடி வேண்டியதில்லை என்றார் கடைக்காரர். வந்ததுதான் வந்தீர்கள் என்று கவசத்தையும் உட்காரவைத்தார். மாத்திரையை விட்டு வெகுநாளாகியிருந்தது. தூரத்துப் பலகையைக் கடகடவென்று படித்தவர், கையில் கொடுத்த அட்டையைப் பார்த்துத் திணறினார்.

"தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியுது சார். பக்கத்துல இருக்கறதுதான் தெரியல. கண்ணாடி உங்களுக்குத்தான்."

இதற்கு ஆழமாக ஒன்று சொல்லலாமே என்று கவசத்துக்கு வாய் துறுதுறுத்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவளிடமே விட்டார்.