பகலவனுக்கு வந்த வலிகள்

மெடிக்கலில் எதை வாங்கினாலும் பகலவன் "எனக்குத்தான்" என்பார். வருஷக்கணக்காக இதே பழக்கம். யாருக்கு என்று கடைக்காரர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். தலைவலியா, எனக்குத்தான். இடுப்பு வலியா, எனக்குத்தான். ஒருமுறை வயிற்றுப் பூச்சி மருந்து வாங்கும்போதும் அப்படியே சொன்னார். அந்த பாட்டிலின் மேல் பல் முளைக்காத குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

உண்மையில் பகலவனுக்கு ஒரு வலியும் கிடையாது. வடக்கனந்தலில் வீடு. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, அங்கே மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கி, சின்னசேலம் பக்கம் மில்லில் போட்டுவிட்டு வருவார். மறுபடி மலை ஏறும்போது வண்டி காலியாகப் போகாது. விதை, அரிசி, பள்ளிக்கூடப் பை, சைக்கிள் டயர் என்று மலைக்காரர்கள் சொல்லிவிட்டதெல்லாம் பின்னால் இருக்கும். மருந்து மட்டும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

மருந்து சொல்லிவிடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வண்டியின் கதவைப் பார்த்துச் சொல்வார்கள். பகலவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். ஓர் ஆண்பிள்ளை கடைத்தெருவில் நின்றுகொண்டு பெண்களின் உடம்பைப் பற்றிப் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் தம்பிகளாகவே இருந்த வீட்டில் வளர்ந்தவர். அதைப் பொய் என்பதா, கூச்சம் என்பதா, இல்லை ஒருவகை மரியாதை என்பதா என்று அவரைக் கேட்டால் மூன்றுக்கும் தலையாட்டியிருப்பார். அவர் மனைவி கலையரசிக்குத் தலை வலித்தாலும் கடையில் அது அவருடைய தலைவலிதான்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்குன்னு ஒரு தலவலிகூட இல்ல. அதையும் இவுரே எடுத்துக்கினாரு" என்பாள் கலையரசி.

கள்ளக்குறிச்சியில் அவர் வழக்கமாகப் போகும் மெடிக்கல் அரங்கநாதனுடையது. டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களிடம் அரங்கநாதன் எங்கே வலி என்று கேட்பார். மூன்று நான்கு பட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டிச் செய்தித்தாள் துண்டில் மடித்து, "ஒரு வேள செட்டு" என்று நீட்டுவார். வெட்டுகிற வெட்டில் மாத்திரையின் பெயர் கடையிலேயே தங்கிவிடும். யாரும் பெயர் கேட்டதில்லை. டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை கெடும், செட்டு வாங்கினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

அந்த அரங்கநாதனுக்குப் பகலவன்மேல் இரக்கம் உண்டு. தெரிந்தவர்களிலேயே அதிகம் கஷ்டப்படும் உடம்பு அதுதான் என்று நினைத்திருந்தார். ஒரு வாரம் முட்டி, ஒரு வாரம் முதுகு, மாதம் தவறாமல் அடிவயிறு. "டிரைவர் வேலைய வுட்டுடுப்பா" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பகலவனும் "பாக்கணும் மொதலாளி" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரில் கவியாவின் வீடு இருந்தது. கணவன் குமார் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். முதல் குழந்தை, பெண். இரண்டு மாதம் இன்னும் ஆகவில்லை. கவியாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிச் சாமைக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். வலி அப்படியேதான் இருந்தது. மாமியார் சாலம்மாள் மாத்திரை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

"பாலு குடுக்கறவ முழுங்கறது எல்லாம் புள்ள வாய்க்குத்தான் வரும். பல்லக் கடிச்சிக்கினு இரு" என்றாள்.

கவியாவால் பல்லைக் கடிக்கவும் முடியவில்லை. சாப்பிடாததால் பால் குறைந்துகொண்டு வந்தது, குழந்தை பாதிப் பசியில் அழுதது. மாமியார் சொல்வது சரியா, தன் பசி சொல்வது சரியா என்று யோசித்து, ஒருநாள் பகலவனின் வண்டிச் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, பல்லு வலிக்கு ஒரு மாத்திர வாங்கியாங்க. எங்க அத்தைக்குத் தெரிய வேணாம்."

"சரிம்மா."

"கொழந்த பாலு குடிக்குது, அதுக்கு ஒண்ணும் பண்ணாத மாத்திரயாப் பாத்துக் குடுன்னு கேட்டு வாங்குங்கண்ணா."

பகலவன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

அன்றைக்கு அவர் ஒரு முயற்சி செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் "பால் குடுக்கற பொம்பளைக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மலையடிவாரத்தில் நன்றாகவே வந்தது. கள்ளக்குறிச்சியில் கடை வாசலில் காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"பல்லு வலி மொதலாளி. எனக்குத்தான்."

அரங்கநாதன் அவருடைய கன்னத்தைப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை. "உள்ளுக்குள்ள ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"உனக்கெல்லாம் சாதாரண மாத்திர போதாதுப்பா. எத்தினி வருஷமாப் பாத்துக்கினு இருக்கேன், ஒண்ணு போனா ஒண்ணு வருது." உள் அலமாரியைத் திறந்து வேறொரு பெட்டியை எடுத்தார். "சீட்டு இல்லாம இத நான் யாருக்கும் குடுக்கறதில்ல. நீ நம்ம ஆளு. போட்டுக்கினு வண்டி ஓட்டாத, தூக்கம் தள்ளும்."

மறுநாள் காலையில் பகலவன் பொட்டலத்தைக் கவியாவிடம் கொடுத்தார். கடைக்காரர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சேர்த்தார்.

"இதப் போட்டுக்கினு வண்டி ஓட்டக் கூடாதாம்."

"எங்கிட்ட ஏதுண்ணா வண்டி?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

கவியா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? கேட்டீங்களா?"

"ம்" என்றார் பகலவன். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கவியா அன்று ஒன்று போட்டாள், சாயங்காலம் ஒன்று போட்டாள். வலி போன இடம் தெரியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டாள். குழந்தையும் பால் குடித்துவிட்டு அழாமல் தூங்கியது. "இன்னிக்குத்தான் புள்ள புள்ளயாட்டம் இருக்குது" என்று சாலம்மாள் மெச்சினாள். மறுநாள் பொழுது விடிந்தும் குழந்தை தூங்கியது. வெயில் ஏறியும் தூங்கியது. கவியாவுக்கு மார் கனத்து ரவிக்கை நனைந்தது. வாயில் வைத்துப் பார்த்தாள், குழந்தை சப்பவில்லை. உள்ளங்காலைத் தேய்த்தாள். கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

பகலவன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக இறங்கியபோது இரண்டு பெண்களும் நடுரோட்டில் நின்றார்கள். அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கிழங்கு மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு, அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார்.

கவியா வழி முழுக்கக் குழந்தையின் காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் சாலம்மாள் மருமகளைத் திட்டினாள், பல்லைத் திட்டினாள், குடகையும் திட்டினாள். பகலவனை மட்டும் திட்டவில்லை. மாத்திரை போட்டதைக் கவியா சொல்லியிருந்தாள், யார் வாங்கி வந்தது என்று அதுவரை சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் குழந்தையை உடனே உள்ளே வாங்கிக்கொண்டார்கள். மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மா கவியாவிடம், "நீ என்ன மாத்திரை சாப்பிட்ட?" என்று கேட்டார்.

கவியா பொட்டலத்தை நீட்டினாள். அந்தச் செய்தித்தாள் துண்டில் மஞ்சள் விலை நிலவரம் பாதி இருந்தது. மீதி ஒரு மாத்திரை இருந்தது. பெயர் இல்லை.

"வெள்ளையா வட்டமா இருக்கறது ஆயிரம் மாத்திரை இருக்கு. பேர் தெரிஞ்சா எனக்கு வேலை சுலபம். யார் வாங்கினது?"

கவியா பகலவனைப் பார்த்தாள். சாலம்மாளும் பார்த்தாள்.

அரங்கநாதன் கடையில் அன்றும் கூட்டம். பகலவனைக் கண்டதும் அவர், "இன்னாப்பா, போட்டுக்கினு வண்டி ஓட்டாதன்னா ஓட்டிக்கினு வர்றே?" என்றார்.

"அந்த மாத்திர பேரு இன்னா மொதலாளி?"

"எதுக்கு? இன்னும் வலிக்குதா?"

"நான் போடல. பால் குடுக்கற பொம்பளைக்கு வாங்கினேன். கொழந்த கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அவர் பயந்த காட்சி அதுதான். கூரை இடிந்து விழவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "ஐயோ, எத்தினி மாசக் கொழந்த?" என்று கேட்டாள்.

அரங்கநாதன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப உனக்குப் பல்லு வலி இல்லியா?"

"இல்ல."

"போன மாசம் முட்டி?"

"அதுவும் இல்ல."

"மாசாமாசம் அடிவயிறுன்னு..."

"பேரச் சொல்லுங்க மொதலாளி!"

அரங்கநாதன் பெயரைச் சொல்லவில்லை. வெட்டிய பட்டையையே கையில் எடுத்துக்கொண்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு, பகலவனின் வண்டியில் ஏறினார்.

டாக்டரம்மா பட்டையைப் படித்தார். டிரமடால். "அபினி ஜாதி மாத்திரை இது. தாய்ப்பால்ல இறங்கும். பச்சக் குழந்தைக்கு மூச்சே அடங்கிப் போயிடும். சீட்டு இருந்துச்சா?" என்றார். அரங்கநாதன் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் கடையில் சீட்டு இல்லாமல் உள் அலமாரி திறப்பதில்லை, பட்டையில் பெயரை வெட்டுவதுமில்லை. அதைப் பாராட்டுவதா வேண்டாமா என்று சொல்லத் தெரியவில்லை. முன்பே செய்திருக்கலாம்.

அன்று முழுக்கக் கவியாவின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. வேறு பாலைப் பாலாடையில் ஊட்டினார்கள். பால் வற்றிவிடாமல் இருக்கப் பீய்ச்சி விட்டுக்கொண்டே இரு என்றார்கள். கீழே விட்டால் எறும்பு தின்னும், எறும்பு தின்றால் பால் வற்றும் என்பது மலை நம்பிக்கை. கவியா பின்பக்கச் சுவரில் பீய்ச்சினாள். சுவரை அசிங்கம் பண்ணக் கூடாது என்று காவலாளி சத்தம் போட்டார். சாலம்மாள் அவரிடம், "நீ இன்னாத்தக் குடிச்சி வளந்தே?" என்று கேட்டாள். காவலாளி வேறு பக்கம் போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறியபின் குழந்தை கத்தி அழுதது. வார்டே காதைப் பொத்தும்படியான அழுகை. பகலவன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் கடைசிவரை கேட்டார்.

"இனிமே செத்தாலும் மாத்திர கெடையாது" என்றாள் சாலம்மாள்.

"அதுவும் தப்பும்மா" என்றார் டாக்டரம்மா. "வலியோட கெடந்தா அவ சாப்பிட மாட்டா, பால் எங்கிருந்து வரும்? பாரசிட்டமால் போடலாம், அட்டையில போட்டிருக்கற அளவுக்கு மேல வேணாம். கேக்கலன்னா சாப்பிட்டுட்டு இப்யூபுரூஃபன். அல்சர், ஆஸ்துமா இருந்தா மட்டும் அது கூடாது. பாலுக்குப் போற அளவு ரொம்பக் கம்மி, குழந்தைய ஒண்ணும் பண்ணாது. ஆஸ்பிரின் வேணாம். பால் குடுத்து முடிச்ச கையோட போட்டுக்கிட்டா இன்னும் நல்லது. சளிக்கு, காய்ச்சலுக்குன்னு வேற மாத்திரை வாங்கினா அதுலயும் பாரசிட்டமால் இருக்கும், ரெண்டையும் சேத்துப் போட்டுடக் கூடாது. குழந்தை சப்பாம தூங்கிக்கிட்டே இருந்தா ‘சமத்து’ன்னு சந்தோஷப்படாம உடனே தூக்கிட்டு வாங்க. முக்கியமா, கடையில ‘நான் பால் குடுக்கறேன்’னு சொல்லணும்."

"நான் சொல்லித்தான் வுட்டேன்" என்றாள் கவியா. பகலவனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கவியாவின் பல்லையும் எடுத்துவிட்டுத்தான் மலைக்கு ஏறினார்கள். வண்டியில் சாலம்மாள் தூங்கிப்போனாள்.

"கேட்டீங்களான்னு கேட்டேனே அண்ணா."

"கேக்கல."

ஊர் வந்ததும் கவியா இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள். "எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. இவளுக்குக் காது குத்தறப்ப மாமன் மடி வேணும். நீங்க வந்து உக்காருங்க. அதோட சரியாப் போச்சு."

ரோட்டோரம் கிழங்கு மூட்டைகள் போட்டது போட்டபடி கிடந்தன. பகலவன் அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

இப்போது பகலவனுக்குக் கடையில் வலி வருவதில்லை. "இடுப்பு வலி. பால் குடுக்கற பொம்பள. கொழந்தைக்கு மூணு மாசம். அல்சர் இல்ல" என்று கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்கிறார். சற்று அதிகமான சத்தம்தான். மலையில் பெண்கள் தலைவலி மாத்திரை சொன்னாலும், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "புள்ள பாலு குடிக்குதா?" என்று கேட்டுக்கொள்கிறார். பேரன் எடுத்தவர்களையும் கேட்கிறார். அவர்கள் சிரித்துவிட்டு இல்லை என்கிறார்கள்.

காது குத்துக்கு மட்டும் அவர் போகவில்லை. குமார் குடகிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் நாள் குறித்துச் சொல்லி அனுப்புவார்கள். ஒருமுறை லோடு இருந்தது, ஒருமுறை டயர் வெடித்தது, அடுத்தமுறை மில்லில் வரிசை. கலையரசி மட்டும் விடாமல் கேட்டாள்.

"மடியில ஒரு கொழந்தைய வெச்சிக்கிறதுக்கு இன்னாத்துக்கு இப்படி ஓடறே?"

"உக்காந்தா சரியாப் போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு" என்றார் பகலவன்.

"போனா நல்லதுதானே?"

அது நல்லதுதானா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

குழந்தைக்கு நர்மதா என்று பெயர். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் காது குத்தாத பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். வேறு யார் மடியிலும் உட்கார வைக்கக் கவியா சம்மதிக்கவில்லை. உனக்கு ஏன் கம்மல் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால், அம்மா சொல்லிக் கொடுத்ததை நர்மதா அப்படியே சொல்கிறாள்:

"எங்க மாமன் வண்டியில லோடு இருக்குது."