கவிழ்த்து வைத்த வட்டல்

எங்கள் நாய்க் கொட்டகையின் அடுப்படியில் ஓர் அலுமினிய வட்டல் இருக்கிறது. விளிம்பில் இரண்டு இடம் நசுங்கியது. மற்ற வட்டல்களைக் கழுவி வெயிலில் சாய்த்து வைப்பேன். இதை மட்டும் ஜன்னல் கல்லின் மேல் கவிழ்த்து வைக்கிறேன். இதில் சோறு போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளின் பட்டறைகள் முடிகிற இடத்தில் எங்கள் கொட்டகை. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அதை ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் அவரை எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இடம் ஒரு பட்டறைக்காரர் சும்மா விட்டது. கோழிப்பண்ணையிலிருந்து கீறல் முட்டை வரும், ரைஸ் மில்லிலிருந்து குருணை வரும். போனில் படம் பார்த்துவிட்டு முகம் தெரியாத யாரோ மருந்து அனுப்புவார்கள். குருணையும் மஞ்சள்தூளும் முட்டையும் போட்டு வேக வைப்பது என் வேலை. அடிபட்ட நாய்களைச் சாக்கில் ஏந்தி வந்து புண் கழுவுவது அவர் வேலை. புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் விட்டுக் காத்திருந்து, ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுப்பார். அந்த நாற்றத்துக்கு நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அவர் முகம் மாறாது. நாய்களிடமும் அவர் மரியாதை குறையாமல்தான் பேசுவார். "வலிக்குமுங்க சாமி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார். பட்டறை ஆட்கள், பொண்டாட்டியை என்றைக்காவது இப்படிக் கூப்பிட்டதுண்டா என்று கேலி செய்தால், "அவ கடிக்க மாட்டாளுங்க, அதான்" என்பார். வந்ததில் பாதி பிழைக்காது. உப்புப் போட்டு, வேப்பமரத்தடியில் அவரே புதைப்பார்.

செவலை என்கிற நாய் அங்கே வந்தது ரிக் வண்டியால்தான். மழைக்காலத்தில் வண்டிகள் மாசக்கணக்கில் நிற்கும். அடியில் நிழல் இருக்கும், நாய்கள் படுக்கும். கிளம்புகிற அன்று கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். முன் டயரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். செவலை பின் டயருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று கூழாகிவிட்டது. அதை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொன்னார்கள். நாமக்கல்லிலிருந்து ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் வாங்காமல் வந்து ஆபரேஷன் செய்துகொடுப்பார். அவர் வருகிற வரைக்கும் ஐந்து நாள் செவலை என் கையில்தான் சாப்பிட்டது, இந்த வட்டலில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் அடுப்படிக்கு வந்தார். "நாளைக்கு விடிஞ்சா செவலைக்குப் பச்சத்தண்ணி கூட ஆகாதுங்க அம்மணி. மயக்க ஊசி போடறப்ப வயித்துல சோறிருந்தா, மேலேறி மூச்சடைச்சுக்கும்" என்றார். சரிங்க என்றேன். புரியாமல் சொல்லவில்லை. நன்றாகப் புரிந்துதான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்குப் போனவர். வடக்கே போர் போடக் கிளம்பிய ஒரு நாள் காலையில் எங்களுக்குள் சண்டை. நான் வீம்புக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். இருபது நாள் கழித்துப் பெட்டியில்தான் வந்தார். அன்றிலிருந்து என் வீட்டுப் படியைத் தாண்டி யாரையும் வெறும் வயிற்றோடு நான் அனுப்பியதில்லை, கரண்ட் பில் எழுத வருகிறவரைக்கூட. ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலை தலையைத் தூக்கி வட்டலைப் பார்த்தது. காலை எடுக்கப் போகிறார்கள், பிழைக்குமோ பிழைக்காதோ. இரண்டு முட்டையைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். இரண்டு வாய்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது வட்டலை நக்கிச் சுத்தமாக்கியது.

டாக்டர் வந்து கையுறை மாட்டிக்கொண்டே, காலையில் ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டார். கம்பவுண்டர் சொன்னார், "இல்லீங்க டாக்டர். அம்மணிகிட்டச் சொல்லியிருக்கறனுங்க. சொன்னாச் சொன்னபடி இருப்பாங்க." நான் கதவோரம் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபரேஷனைத் தள்ளி வைத்திருப்பார்கள். டாக்டர்மார் முகத்தைப் பார்த்து நான் பேசியதே இல்லை. கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினால் கையைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. ஊசி ஏறியது.

கொஞ்ச நேரத்தில் செவலையின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. வாயோரம் மஞ்சளாக வழிந்தது. டாக்டர் நாக்கை வெளியே இழுத்தார், தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார், நெஞ்சை அமுக்கினார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். கம்பவுண்டர் அப்போதுதான் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நக இடுக்கில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"நாந்தானுங்க. பாவமாட்ட இருந்துச்சு, குடுத்துப்புட்டனுங்க" என்று டாக்டரிடம் சொன்னார்.

இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர் செய்கிற வேலையா இது என்று டாக்டர் கேட்டார். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவேயில்லை. சேதி போன் வழியாகப் பரவியது. மருந்து அனுப்பியவர்களில் சிலர் நிறுத்தினார்கள். பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பட்டறையில் பேசினார்கள். வேறு டாக்டர் கிடைக்கிற வரைக்கும், கத்தி வைத்தால் பிழைத்திருக்கும் நாய்கள் கொட்டகையிலேயே அழுகிச் செத்தன. ஒவ்வொன்றையும் அவர்தான் புதைத்தார். செவலையைப் புதைத்துவிட்டு வந்த அன்று திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன். "வட்டலைக் கழுவி வெச்சிருங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவரிடம் பேச வாய் எடுத்தேன். "உலை கொதிக்குதுங்க, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். போன ஐப்பசியில் மூச்சு இளைத்துப் படுத்திருந்தபோதும் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன். நாய்களுக்குச் சோறு ஆச்சா என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அவர் சாவுக்கு வந்தவர்கள்கூட, நல்ல மனுஷன், ஒரு நாயை மட்டும் கொன்னுட்டார் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அங்கேயும் நான் பேசவில்லை. செவலைக்கு முட்டை கொடுத்தது நான். அவர் இல்லை.

இப்போது சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கறுப்பு நாய்க்குக் கால் எடுத்தார்கள். அவர் கேட்பதற்கு முன்னாலேயே எதிரில் போய் நின்று, "ஒண்ணுமே குடுக்கலீங்க. சோறு போடறவ நாந்தானுங்க" என்றேன். அந்த நாய் காலையிலிருந்து பசியோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. வட்டல் கவிழ்ந்தேதான் இருந்தது.