முந்தி ஓடும் கடிகாரம்

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒருநாளும் உண்மை பேசியதில்லை. சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய கடிகாரம். கண்ணாடிக்குள் பெண்டுலம், அதற்குக் கீழே எப்போதோ செத்துப்போன ஒரு பூச்சி. மட்டாஞ்சேரி முழுக்க ஒரு மணி என்றால் எங்கள் வீட்டில் மட்டும் கால் மணி கூடுதல். அம்மாவின் ஏற்பாடு அது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடக் கூடாது என்று ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அதில் இருந்த கோளாறு. நானும் அக்காவும் மனசுக்குள் கால் மணியைக் கழித்துவிட்டு இன்னொரு புரளல் புரண்டு படுப்போம். அப்பாவும் கழிப்பார். அம்மாவே கழித்துவிட்டு, அப்புறம் பதறுவாள்.

அந்தப் பதற்றத்தை எப்படிச் சொல்ல? வாயில் ஹேர்பின், ஒரு கையில் என் பின்னல், இன்னொரு கையில் தோசை விள்ளல். விள்ளலோடு வாய்ப்பாட்டிலிருந்து ஒரு கேள்வியும் வரும். "ஏழெட்டு?" சரியாகச் சொன்னால் தோசை வாய்க்குள் போகும். தப்பாகச் சொன்னால் விள்ளல் அந்தரத்தில் நிற்கும், சட்னி சொட்டும். "ஐயோ, இதுகூடத் தெரியாம நீ எப்படிடீ?" என்பாள். அதற்கு மேல் வாக்கியம் ஓடாது, அவள்தான் ஓடுவாள். கொச்சங்காடிச் சந்திலிருந்து சுள்ளிக்கல் பக்கம் பள்ளிக்கூடம் வரைக்கும், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த இஞ்சி மணக்கும் கிடங்குகளைத் தாண்டி, சாக்கு இறக்கும் வண்டிகளுக்கு இடையில் புகுந்து ஓடுவாள். அப்பா குறுமிளகுக் கிடங்கில் எழுத்து வேலை. அவர் கத்த மாட்டார். மார்க் வரும் நாளில் நெற்றி நிறையத் தைலம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தைல வாசத்துக்கு அம்மாவின் கத்தலே தேவலை.

ஆறாம் வகுப்பில் எனக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூட நாளில் மட்டும் வரும் வலி. வைத்தியர் கஷாயம் கொடுத்தார், வலி போகவில்லை. ஒருநாள் காலையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றே சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றாள். "என்னால இனி முடியாது, கேட்டேளா? இவ படிப்பை நிறுத்திடலாம். இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்" என்று அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த வாரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள்: இனி பிந்தி வருகிற பிள்ளைகளின் அம்மா அப்பா தலைமை ஆசிரியை முன்னால் வந்து நிற்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை, வானம் விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கரண்ட் போயிருந்ததால் ரேடியோ செய்தி இல்லை. அப்பாவின் கைக்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. எழுந்து பார்த்த அம்மா அலறினாள். முள் எங்கேயோ போய் நின்றது. கால் மணியைக் கழித்தாலும் ஆபத்து. தோசை இல்லை, ஏழெட்டு இல்லை, பின்னல்கூடப் பாதிதான். அப்பா ஒரு குடையோடு கிடங்குக்கு ஓட, நாங்கள் மூவரும் ஒரே குடைக்குள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

கேட் பூட்டியிருந்தது. அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. வாட்ச்மேன் சேட்டன் தோளில் துண்டும் வாயில் பிரஷுமாக நின்றுகொண்டிருந்தார். "சேட்டா, இன்னிக்கு ஒரு நாள் விடுங்கோ, பிள்ளைக்கு வயறு சுகமில்லே, நாளைக்கு நேரத்தோட கொண்டு விடறேன்" என்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் நிதானமாகத் துப்பிவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எந்தா சேச்சீ, ராத்திரி உறங்கியில்லே? டீச்சர்மாரே எணீச்சிட்டுண்டாவில்லா!"

டீச்சர்களே இன்னும் எழுந்திருக்க மாட்டார்களாம். அம்மா புரியாமல் நின்றாள். அக்கா திடீரென்று தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும் வழியில், முக்குச் சாயாக்கடை முன்னால், எதிரே அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் கிடங்கும் பூட்டியிருந்ததாம். வாசலில் ஒரு ஆடு மட்டும் நின்றிருந்ததாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ முள்ளைத் தொட்டியா?"

"கொஞ்சம்தான் தள்ளினேன். நீங்க?"

"நானும் கொஞ்சம்தான்."

"நானும்," என்றாள் அக்கா. "பெரிய டீச்சர் முன்னால உங்களை நிக்க வெச்சா நாணமா இருக்கும்னு."

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், அதே ஸ்டூலில் மூன்று பேரும் ஏறியிருக்கிறார்கள். முதலில் சிரித்தது அம்மா. மழையில், பாதிப் பின்னலிட்ட பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அப்பா குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே சிரித்தார். "இப்படி ஒரு குடும்பம் மட்டாஞ்சேரியில வேற உண்டோடீ!" கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமலே நான்கு சாயா போட்டார். தட்டில் சூடாக வாழைப்பழ பஜ்ஜி, எங்கள் ஊரில் பழம்பொரி. அப்படியொரு பழம்பொரி அதற்குப் பிறகு யாரும் சுடவில்லை. யார் கையிலும் அவசரம் இல்லை, பள்ளிக்கூடம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள், கேள்வி கேட்காமல். கேட்காததால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அம்மா, எனக்கு ஸ்கூல் பயமில்லே. மேப் வரையறது இஷ்டம்தான். ஓடி வர்றப்ப உன் கை கிடுகிடுன்னு விறைக்கும் இல்லே, அதுதான் வயத்துக்குள்ள வருது."

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ போல. அப்பா தன் தட்டிலிருந்த பழம்பொரியை என் தட்டுக்கு மாற்றினார். பிறகு நாங்கள் நான்கு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். நடந்தோம் என்பதை அழுத்தித்தான் எழுதுகிறேன். அன்று வாட்ச்மேன் சேட்டன் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

சாயங்காலம் ஸ்டூலில் ஏறிய அப்பாவை அம்மா தடுத்தாள். "முழுக்கச் சரியாக்க வேண்டாம். அரை மணி மட்டும் முந்தி ஓடட்டும். அது ஓடறதுக்கில்லே, உக்காரறதுக்கு." அன்று முதல் அந்த அரை மணி எங்களுடையது. புறப்பட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து சாயா குடிப்போம். கிடங்கு ஆடு எந்தச் சாக்கைக் கடித்தது என்று அப்பா சொல்வார். ஏழெட்டு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. சில நாள் அம்மாவின் வாய்வரை வரும், சாயாவோடு விழுங்கிவிடுவாள். நான் ஒருபோதும் முதல் ராங்க் வாங்கவில்லை. ஆனால் வயிற்றுவலி எப்போது போனது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. மேப் வரைய மட்டும் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இப்போது அந்தக் கடிகாரம், அதே அரை மணி முந்தலோடு, சுள்ளிக்கல்லில் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு. காலையில் கண் திறப்பதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யார் பிள்ளை எத்தனை மாதிரித் தாள் எழுதியது என்று வந்து குவிந்துவிடும். படித்துவிட்டு நானும் பறக்கிறேன். அக்கா வீட்டில் இருக்கும் அம்மா போனில் கேட்கிறாள், "சாயா குடிச்சேளா ரெண்டு பேரும்?" வேறெதுவும் கேட்பதில்லை.

போன வாரம் கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட், பேனா, தண்ணீர் பாட்டில் என்று வீட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "அந்த சூத்திரம் ஒரு தடவை சொல்லிடு" என்று அவள் பின்னல் நுனியைப் பிடித்தேன். மகள் திரும்பி என் கையைப் பார்த்தாள். பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கடிகாரத்துக்குக் கீழே இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, இரிக்கூ. அரை மணி உண்டு."

உட்கார்ந்தேன். சாயா நல்ல சூடு. தலைக்கு மேலே பெண்டுலம் தன் இஷ்டத்துக்கு முந்தி ஓடிக்கொண்டிருந்தது.