பாஸ் மாத்திரை

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரை வெயிலில், நாவலூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு எந்த ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. அச்சரப்பாக்கத்தில் கரும்பு வெட்டினேன், மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் கல் தூக்கினேன், அப்புறம் இது.

அங்கே உயரத்தில் ஏற வேண்டுமென்றால் மாதாமாதம் பிரஷர் பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் பாஸ் கிடையாது. கீழே நின்று மணல் அள்ள வேண்டியதுதான். அதற்கு எங்கள் மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். சோதனைக்கு முந்தின நாளும் அன்று காலையும், என்னைப் போன்ற வயதானவர்களுக்கு டீயோடு ஒரு மாத்திரை கொடுப்பார். நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'பாஸ் மாத்திரை'. சோதனை முடிந்தால் மாத்திரையும் முடிந்தது. அது ஒரு நோய்க்கான மருந்து என்றே யாரும் நினைக்கவில்லை. கேட்டில் காட்டுகிற அட்டை மாதிரிதான் அதுவும்.

அந்த மாதம் எனக்கு பிரஷர் இறங்கவில்லை. மேஸ்திரி ஓரமாக அழைத்துப்போய் இன்னும் இரண்டைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். பாஸ் கிடைத்தது. ஏறினேன். ஒன்பதாவது மாடியில் குனிந்து போல்ட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டியது. நினைவு வந்தபோது இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

"யோவ் அண்ணாத்த, கொக்கி மாட்டாம இருந்திருந்தா இந்நேரம் உன்ன வாரிகினு இருப்போம்யா!" திட்டிக்கொண்டே அழுதான்.

மேஸ்திரி ஓடி வந்தார். "வெயிலு மச்சான், வேற ஒண்ணும் இல்ல. ஆபீஸ்ல மட்டும் வாயத் தொறக்காத" என்று தன் கொட்டகையில் படுக்கவைத்தார்.

அங்கே படுத்தபடிதான் பார்த்தேன். மத்தியானச் சோறு முடிந்ததும் அவர் தன் பையிலிருந்து அதே மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

"நீதான் மேல ஏறவே மாட்டியே. உனக்கு இன்னாத்துக்கு?" என்றேன்.

"எனக்கு பிரஷர் கீது மச்சான். டெய்லி போட்டே ஆவணும்னு டாக்டரு சொல்லிகீறாரு. வுட்டா கை கால் இழுத்துக்குமாம்."

"அப்ப எனக்கு?"

"உனக்கு டெஸ்டுக்குத்தான?"

கூச்சமே இல்லாமல் சொன்னார். எழுந்திருக்க முடிந்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன்.

மறுநாளே கணக்கு முடித்துக்கொண்டு செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நினைத்தபோது போட்டு நினைத்தபோது விடுவதும், ஒரே நாளில் அள்ளிப் போடுவதும் ஆளைக் கொல்லும் என்றார் டாக்டர். தினம் ஒன்று, ஆயுசுக்கும்.

இப்போது கோவளம் பக்கம் சவுக்கு வெட்டுகிறேன். அடுத்து எங்கே என்று தெரியாது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அரசு ஆஸ்பத்திரி எங்கே என்றுதான் விசாரிக்கிறேன். காலையில் டீக்கடையில் மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் 'உனக்கு டெஸ்டுக்குத்தான' என்ற குரல் காதில் விழுகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், ஒரு நாள்கூட மாத்திரையை மறக்கவிடாமல் என்னை உயிரோடு வைத்திருப்பது அதுதான்.