மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போனது

ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தையில் நிற்கிறேன். அண்ணன் மகள் ஒரு மெக்சிக்கோப் பெடியனைக் கட்டப் போகிறாளாம். விசாரித்து வரும்படி அண்ணன் என்னை ரொறன்ரோவிலிருந்து அனுப்பியிருக்கிறார். அவள் அவன் வீட்டுக் காய்கறிக் கடையில் முட்டைக்கோவா விற்றுக்கொண்டிருக்கிறாள். மேடையில் சாதியைத் திட்டுகிற என் வாய் கேட்கிறது:

"அவை என்ன ஆக்கள்?"

"கோவா வெட்டின ஆக்கள், சித்தப்பா. அவற்ற அப்பப்பா மெக்சிக்கோவில இருந்து இங்க, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட ஒரு தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவர். பேந்து அதே தோட்டத்தை வாங்கிட்டார். அவையும் கேட்டவை, நாங்கள் என்ன ஆக்கள் எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"சித்தப்பாவிட்டைக் கேளுங்கோ எண்டன். அந்தா, அவற்ற அம்மா வாறா."

கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்து முப்பது வருடமாகக் கோப்பை கழுவுகிற நான் அவசரமாக அண்ணனுக்குப் போன் எடுக்கிறேன்.

"நல்ல ஆக்கள் அண்ணை. அவை எங்களை விசாரிக்க முதல் ஓம் எண்டு சொல்லுங்கோ."