உவர்மலை இறக்கம்

யோகன் ஓட்டிய வான் மதிலில் மோதியதற்கு நான்தான் காரணம். அதைவிடப் பெரிய குற்றமும் ஒன்று செய்தேன். அவனுடைய கால்தான் பிசகியது என்று அவனையே நம்ப வைத்தேன்.

நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். லிங்கநகரில் தனியே இருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் தொலைபேசியில் மட்டும் இருக்கிறார்கள். அடுத்த வளவு வீட்டு யோகன் வாடகைக்கு வான் ஓட்டினான். எரிபொருளுக்கு வரிசையில் கிடந்து வாடிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். வரிசையிலிருந்து திரும்பும்போது என் வீட்டில் தேநீர் குடிக்க வருவான். அதற்காகவே நான் காலையில் சவரம் செய்துகொள்வேன்...

கொஞ்ச டீசலில் கூடுதல் தூரம் ஓடுவது எப்படி என்று கேட்டான். சில்லுகளுக்குக் காற்றை அளவாக வை, தேவையில்லாத பாரத்தை இறக்கு, அவசரப்பட்டு வேகமெடுக்காதே என்றேன். எல்லாம் நல்ல ஆலோசனைகள். அதோடு நின்றிருக்கக் கூடாதா! உவர்மலை இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வானை உருள விடு என்றும் சொன்னேன்.

என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லாய் இறுகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

ஏன்? சொன்னால் பயந்து விட்டுவிடுவான். பிறகு இன்றைக்கு எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல என் வீட்டுக்கு ஏன் ஓடி வரப்போகிறான்?

டீசல் மிஞ்சத்தான் செய்தது. “சேர்ட மூளையிலதான் என்ர வான் ஓடுது” என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒரு மாலை மனைவி மலரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, என்ஜினை நிறுத்தி அந்த இறக்கத்தில் உருண்டு வந்தான். கீழே மான்கள் வீதிக்குள் இறங்கின. எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களுக்கு வாகனப் பயம் கிடையாது. வளைவுகளில் மிதித்து மிதித்து வந்தவன், மறுபடி மிதித்தான். வான் நிற்கவில்லை. மான்கள் மேல் ஏறாமல் விலத்தி மதிலில் மோதினான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. மலரின் முழங்கால் நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“சேர், நான் பிரேக்கை மிதிச்சனான்தானே... ஏன் நிக்கேல்லை?”

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

“பதற்றத்தில கால் வழுக்கியிருக்கும், தம்பி.”

தலையாட்டினான். நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை.

வானை விற்றுவிட்டு, துறைமுகப் பக்கம் ஐஸ் கட்டிகள் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் போவான். தேநீருக்கு வருவது நின்றுபோனது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணைவிசை தீர்ந்ததை, எனக்கு முன்பே தெரிந்திருந்ததை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை...

யோகன் மெல்லச் சிரித்தான்.

“நீங்கள் என்ர ஆறுதலுக்குச் சொல்லுறியள், சேர். அண்டைக்குச் சொன்னதுதான் சரி. என்ர கால்தான்.”

ஒரு வாகனம் கொண்டு வருகிறேன், சமதரையில் என்ஜினை நிறுத்திவிட்டு மிதித்துப் பார், உனக்கே விளங்கும் என்று கெஞ்சினேன்.

“ஏலாது சேர். அந்தச் சீற்றில நான் இனி இருக்க மாட்டன்.”

குசினி வாசலில் கைத்தடியோடு நின்ற மலர் அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அண்டைக்கே தெரியுமோ உங்களுக்கு?”

“ஓம்” என்றேன்.

நொண்டி நொண்டி வந்தாள். நான் பாதி குடித்து வைத்திருந்த தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் நம்பவில்லை. அவள் நம்பினாள்.

படலைவரை யோகன் கூட வந்தான். “மனசைப் போட்டு உழப்பாதேங்கோ, சேர்” என்று எனக்கு ஆறுதல் சொன்னான். சொல்லும்போது தன் வலது காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.